கடல் இல்லாத ஊரிலிருந்து கடற்பாசிக் கேள்விகள்

வாழப்பாடி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளி. சேலத்தில் சின்னதாக ஒரு உரக்கடை. கடையில் கடற்பாசித் திரவம் விற்க ஆரம்பித்த நாள்முதல், "இது எங்கே விளையுதுங்க, யார் விதைக்கிறாங்க?" என்று கேட்காத ஆள் குறைவு. எனக்கே பதில் தெரியாமல் முழித்ததால் ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபம் போய் நான்கு நாள் தங்கிப் பார்த்தேன். அப்புறம் இன்னும் இரண்டு முறை போனேன். கடைக்கு வருபவர்கள், ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா, தாவரவியல் படிக்கும் அக்கா மகள் எல்லாரும் கேட்ட கேள்விகள் இவை. பதில்களை எனக்குப் புரிந்த மொழியில் எழுதியிருக்கிறேன்.

கடலுக்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேற்றுச் சாப்பிட்ட ஐஸ்கிரீமும் காலையில் பல் துலக்கிய பற்பசையும்தான் சம்பந்தம். இரண்டையும் கெட்டியாக, பிரியாமல் வைத்திருக்கப் பெரும்பாலும் கராஜீனன் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. நோன்பு மாதத்தில் கோட்டைப் பக்கம் மளிகைக் கடைகளில் வெள்ளைக் கற்றையாக 'கடல்பாசி' என்று விற்கிறார்களே, அது அகார். அதுவும் சிவப்புப் பாசிதான், இனம் மட்டும் வேறு. ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் பார்த்திருப்பீர்கள். ஆர்க்கிட் விதையை ஆய்வகத்தில் முளைக்க வைக்கும்போது அடியில் கூழ்போல இருப்பதும் அகார்தான்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது மலேயாப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனதால்தான், சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் வேர்பிடித்தது. அதே போரில் ஜப்பானின் அகாரும் நின்றுபோனது. உடனே பல நாடுகள் தங்கள் கரையில் என்ன பாசி இருக்கிறது என்று தேட ஆரம்பித்தன. நமக்குக் கிழங்கு கிடைத்தது, நட்டுப் பெருக்கினோம். கடற்கரைக்காரர்களுக்குப் பாசி கிடைத்தது, ஆனால் அதை நடத் தெரியவில்லை, பறிக்க மட்டும்தான் தெரிந்தது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான்.

இது ஏரியில் படியும் பாசி மாதிரியா?

இல்லை. ஏற்காடு ஏரியில் பச்சையாகப் படிவது நன்னீர்ப் பாசி. பாறையில் வெள்ளைத் திட்டாக ஒட்டியிருப்பது பாசியும் பூஞ்சையும் சேர்ந்த வேறொரு கூட்டுக் குடும்பம். கடற்பாசி கையளவு, முழ அளவு, சில நாடுகளில் பனை உயரம்கூட வளரும். வேர் கிடையாது. அடியில் பற்றிக்கொள்ள ஒரு பிடிப்பு இருக்கும், அது சத்து உறிஞ்சாது. உடம்பு முழுவதும் தண்ணீரிலிருந்து நேராகச் சத்தை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலும் வளர்கிறது.

கடலில் தானாக விளைவதை எதற்கு மெனக்கெட்டுப் பயிராக்க வேண்டும்?

தானாக விளைவது போதவில்லை என்பதுதான் காரணம். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கண்ணில் ஒரு கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, இடுப்பில் ஒரு பை. அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. இதில் மரிக்கொழுந்துதான் உயர்ந்த அகார் தருவது, விலையும் அதற்குத்தான். மெதுவாக வளர்வதும் அதுதான். அடியோடு பிடுங்கினால் அடுத்த வருஷம் அந்தக் கல் மொட்டையாகத்தான் நிற்கும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆயின. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கத் தடை வந்தது. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடத்துக்குப் போனால் வழக்கு. இது அந்தப் பெண்களுக்கு இன்னும் ஆறாத வருத்தம். பாசியும் குறைகிறது, எடுக்கும் இடமும் குறைகிறது என்றால் நட்டு வளர்ப்பது ஒன்றுதான் மிச்சமிருக்கும் வழி. உலகமும் அந்த வழியில்தான் போயிருக்கிறது. 2019-ல் உலகில் வளர்ப்பில் வந்த பாசி ஈர எடையில் ஏறத்தாழ 3.5 கோடி டன், மொத்த உற்பத்தியில் 97 விழுக்காடு. அதில் பெரும்பகுதி சீனாவும் இந்தோனேசியாவும்.

'பழக்குவது' என்றால் என்ன? காளையைப் பழக்குவது போலவா?

சித்தப்பா கேட்டது இது. அவர் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். காபி ஆப்பிரிக்கக் காட்டில் மர நிழலில் வளர்ந்த குத்துச்செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அதைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார். இன்று சித்தப்பாவால் எந்தப் பழத்தை விதைக்கு எடுப்பது, எப்போது நாற்று விடுவது, எவ்வளவு நிழல் விடுவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். காட்டுக்குப் போய் நாற்றுத் தேட வேண்டியதில்லை. அந்த நிலைமைக்குப் பெயர்தான் பழகிய பயிர்.

பாசிக்கும் அதே கணக்கு. அது எப்படிப் பிறக்கிறது, எப்போது இனம்பெருக்குகிறது என்று முழுசாகத் தெரிய வேண்டும். விதை நம் கையில் உண்டாக வேண்டும், வருஷா வருஷம் காட்டுக் கடலை நம்பியிருக்கக் கூடாது. அப்புறம் நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி அடுத்த பட்டத்துக்கு வைக்க வேண்டும். கயிற்றில் கட்டிவிட்டால் மட்டும் அது வேளாண்மை ஆகிவிடாது. காட்டுப் பன்றிக் குட்டியைப் பிடித்துவந்து கொட்டகையில் போட்டால் வீட்டுப் பன்றி ஆகிவிடுமா?

பாசி பிறக்கும் விதம் தெரியாவிட்டால் அப்படி என்ன குடிமுழுகிவிடும்?

ஜப்பானில் கிட்டத்தட்ட முழுகிப் போனது. சோற்றைச் சுற்றிச் சாப்பிடக் கறுப்புத் தாள் போல ஒன்றை வைத்திருப்பார்களே, நோரி, அது ஒரு சிவப்புப் பாசி. டோக்கியோ விரிகுடாவில் சில நூறு ஆண்டுகளாகவே மீனவர்கள் இலையுதிர் காலத்தில் மூங்கில் கிளைகளைச் சேற்றில் நட்டுவைப்பார்கள். குளிரில் அதில் பாசி தானாக ஒட்டி வளரும். எங்கிருந்து வருகிறது? யாருக்கும் தெரியாது. கோடையில் மறைந்துவிடும், மறுபடி வரும். வராமலும் போகும். நம் ஊரில் மானாவாரிக்காரர்கள் வானத்தைப் பார்ப்பது போல அவர்கள் கடலைப் பார்த்தார்கள். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் புயலும் மோசமான அறுவடையும் சேர்ந்து தொழிலே நொடித்துப்போகும் நிலைமை.

விடை வந்தது இங்கிலாந்திலிருந்து. மான்செஸ்டரில் கேத்லீன் ட்ரூ-பேக்கர் என்ற அம்மையார் இதே குடும்பத்துப் பாசியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்யாணம் ஆன பெண்களுக்கு வேலை இல்லை என்ற விதியால் பல்கலைக்கழக ஆசிரியர் வேலையை இழந்தவர், சம்பளம் இல்லாமலே ஆய்வைத் தொடர்ந்தார். சிப்பி ஓட்டுக்குள் துளையிட்டு வாழும் இளஞ்சிவப்பு நூல் போன்ற ஒரு பாசியை அதுவரை எல்லோரும் தனி இனம் என்று நினைத்துத் தனிப் பெயர் வைத்திருந்தார்கள். அது தனி இனமே இல்லை, இந்தப் பாசியின் கோடைக்கால உருவம் என்று 1949-ல் நேச்சர் இதழில் எழுதினார். புழுவும் பட்டாம்பூச்சியும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தது மாதிரி.

அதைப் படித்த ஜப்பானிய விஞ்ஞானிகள் சிப்பி ஓடுகளைத் தொட்டியில் போட்டு, அதில் அந்த நூலை வளர்த்து, வித்துகளை வலையில் ஒட்டவைக்கக் கற்றுக்கொண்டார்கள். வலையைக் கடலில் விரித்தால் பயிர். நாற்றங்கால் கிடைத்துவிட்டது! அந்த அம்மையார் ஜப்பான் மண்ணை மிதிக்காமலே 1957-ல் இறந்துபோனார். குமாமோட்டோ மாகாணத்தில் உட்டோ என்ற ஊரில் 1963-ல் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். ஏப்ரல் 14 அன்று பாசி விவசாயிகள் அங்கே கூடி இன்றும் 'கடலின் தாய்' என்று கும்பிடுகிறார்கள். அக்கா மகளிடம் இந்தக் கதையை நான் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், மூன்றாவது தடவை அவளே பாதியில் நிறுத்திவிட்டாள்.

சீனக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. குளிர்நாட்டுப் பழுப்புப் பாசி ஒன்றை 1950களில் கோடையிலேயே குளிர்ந்த நீர்த் தொட்டிகளில் நாற்றாக வளர்த்து, இலையுதிர் காலத்தில் கடலில் கட்டினார்கள். அதனால் வளரும் காலம் நீண்டது. பிறகு தெற்கே, வெதுவெதுப்பான கடல்வரை கொண்டுபோனார்கள். அதில் தேர்ந்தெடுத்த ரகங்கள், வீரிய ஒட்டு ரகங்கள் எல்லாம் வந்துவிட்டன. நெல்லுக்கு நடந்தது அங்கே பாசிக்கும் நடந்தது.

சரி, நம் கடலில் வளர்ப்பது எந்தப் பாசி? எங்கிருந்து வந்தது?

கப்பாபைகஸ் அல்வாரெஸி. கராஜீனனுக்காக வளர்ப்பது. 1960களில் பிலிப்பைன்ஸ் கடலில் இந்தக் குடும்பத்துப் பாசியை எடுத்து எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ்வெல் டாட்டி அங்கே போய், உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து பல செடிகளைக் கட்டிவைத்து, எது வேகமாக வளர்கிறது என்று பார்த்தார். நாட்டின் தென்கோடியில் சுலு பகுதியில் கிடைத்த ஒரு வகை மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. 1970களின் ஆரம்பத்தில் குடும்பப் பண்ணைகள் வந்துவிட்டன. கூட வேலை பார்த்த விசென்டே அல்வாரெஸின் பெயரையே டாட்டி 1985-ல் அதற்கு வைத்தார்.

கவனியுங்கள், நோரி கதைக்கு இது நேர் எதிர். இங்கே யாரும் வித்து, வாழ்க்கைச் சுழற்சி என்று மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒரு கொப்பை உடைத்துக் கட்டினால் புதுச் செடி. அப்படியே மரவள்ளிக் குச்சி.

இந்தியாவுக்கு 1984-ல் ஜப்பான் வழியாகச் சில துண்டுகள் வந்தன, மூலம் பிலிப்பைன்ஸ். கொண்டுவந்தது பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். சௌராஷ்டிரக் கடலில் பல ஆண்டுகள் பழக்கிப் பார்த்து, 1990களின் நடுவில் அவர்களுடைய மண்டபம் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் உரிமம் வாங்கி ஒப்பந்த முறையில் இறங்கியது. அப்புறம் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சேர்ந்துகொண்டன. இன்று நீங்கள் மரவள்ளிக்கு அடிக்கும் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது அந்தச் சில துண்டுகளின் பேரப்பிள்ளைகள்தான்.

கடலில் எப்படி நடுகிறார்கள்?

மூங்கில் மிதவை. 12 அடிக்கு 12 அடிச் சதுரம், மூலைக்கு மூலை குறுக்குக் கம்பு. அதில் 20 கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் சாண் இடைவெளிக்கும் கொஞ்சம் குறைவாக 20 துண்டு, துண்டுக்கு 150 கிராம். ஆக மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. அடியில் பழைய மீன்வலை கட்டிவிடுவார்கள். உடைந்து விழுவது வீணாகாது, ஓரா மீன் வந்து மேய்வதும் குறையும். நமக்கு ஆடு, அவர்களுக்கு ஓரா. 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் ஆகும். அதில் 60 கிலோவை மறுபடி விதைக்கு ஒதுக்கிவிட்டு மீதியைக் காயவைப்பார்கள். பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோ.

எனக்குப் பிடித்தது கணக்குத்தான். ஒரு பெண்ணுக்கு 45 மிதவை. தினம் ஒன்றை அறுத்து, அன்றே அதில் திரும்பக் கட்டிவிடுவார். 45-வது மிதவை முடியும்போது முதலாவது அறுவடைக்கு வந்திருக்கும். நம் ஊரில் தினம் பூ எடுப்பது மாதிரி தினம் கையில் வேலை, தினம் கொஞ்சம் சரக்கு. மரவள்ளிக்காரன் பத்து மாதம் காத்திருக்க வேண்டியதை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அலை குறைந்த ஆழமற்ற இடம், ஓட்டமுள்ள தண்ணீர், 25 முதல் 30 டிகிரி வெப்பம், மழைநீர் கலந்து உப்புக் குறையாத கடல் இவை வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் மிதவை தாங்காது.

குச்சியையே வெட்டி வெட்டி நட்டால் வீரியம் போய்விடாதா?

கேட்டவர் ஏத்தாப்பூர்க்காரர். மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் கேட்காமல் யார் கேட்பார்கள்.

வீரியம் குறைவது ஒரு பக்கம், பெரிய ஆபத்து வேறு. முள்ளுவாடி ரக மரவள்ளியில் தேமல் நோய் வந்த காட்டைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை ஈ பரப்புகிறது என்பது பாதிதான். நோயுள்ள காட்டில் வெட்டிய விதைக்குச்சியை அடுத்த ஊருக்கு ஏற்றுகிறோமே, அது மீதிப் பாதி. ஒரே செடியின் நகல்கள் என்றால் ஒன்றுக்கு ஆகாதது எதற்கும் ஆகாது.

கப்பாபைகஸில் இது இன்னும் மோசம். உலகம் முழுக்கப் பயிராவது பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய ஒரே வழிதான். தண்ணீர் சூடேறினாலோ, உப்புக் குறைந்தாலோ கொப்புகள் வெளுத்து, ஐஸ் போல ஆகி, உடைந்து விழும். நோயின் பெயரே ஐஸ்-ஐஸ். முதலில் செடி சோர்கிறது, பிறகு பாக்டீரியா வந்து முடித்துவிடுகிறது. 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கரையில் கடல் சூடேறி மிதவை மிதவையாகச் செத்தது. அதோடு நல்ல உயரத்தில் இருந்த உற்பத்தி சரிந்தது, பல குடும்பங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டன. செத்தது பயிர் மட்டும் என்றால் திரும்ப நட்டுக்கொள்ளலாம். விதையும் அந்த மிதவையில்தான் இருந்தது. குளிர்பதனக் கிடங்கில் நெல் மூட்டை மாதிரி எடுத்துவைக்க இதற்கு விதை ஏது?

அதனால்தான் திசு வளர்ப்பு. ஒரு துளித் திசுவிலிருந்து ஆய்வகத்தில் நாற்று எடுத்து, நோயில்லாத புது விதையைப் பெருக்குவது. வாழைக்கு நாம் வாங்குகிறோமே, அதே வேலை. மண்டபத்தில் இந்த ஆய்வு நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து புது வகைகளை இறக்கவும் அரசு பார்க்கிறது. உயிருள்ள பாசியை இறக்குமதி செய்ய 2024-ல் மத்திய மீன்வளத் துறை வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் இரவல் விதை தீர்ந்தால் இன்னொரு இரவல் விதை என்பது நிரந்தரத் தீர்வு என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் நம் மரிக்கொழுந்தையும் கஞ்சிப் பாசியையும் ஏன் பயிராக்கவில்லை?

முயற்சி செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள். கஞ்சிப் பாசி கயிற்றில் வளரும், ஆனால் அதன் அகார் அவ்வளவு இறுக்கமாக உறையாது. அதனால் விலை குறைவு. கரையோரத்தில் அதைக் கஞ்சியில் போட்டுக் குடித்ததால் வந்த பெயராம் அது. மரிக்கொழுந்தின் பிரச்சினை வேறு. அதற்குப் பவளக்கல் போன்ற பிடிப்பு வேண்டும், அவசரமே கிடையாது. பவளக்கல்லில் கட்டினார்கள், சிமென்ட் கட்டையில் கட்டினார்கள். வளர்ந்தது, ஆனால் 45 நாளில் மும்மடங்குக்கு மேல் ஆகும் கப்பாபைகஸ் பக்கத்தில் இருக்கும்போது இதற்கு யார் காத்திருப்பார்கள்? மதுரைப் பக்கத்து அகார் ஆலைகளுக்குப் போகும் மரிக்கொழுந்து இன்றும் பெண்கள் மூழ்கி எடுப்பதுதான்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மிதவைக்கு மானியம் கொடுப்பது சுலபம், படம் எடுக்க நன்றாக இருக்கும். இருபது வருஷம் உட்கார்ந்து ஒரு மந்தமான பாசியின் வாழ்க்கையைப் படிப்பதற்குக் காசு கொடுப்பது கஷ்டம். ஆனால் மரவள்ளியில் ஏத்தாப்பூர் 1 என்று நம் மாவட்டத்துப் பெயரில் ஒரு ரகம் வந்தது அப்படி யாரோ உட்கார்ந்ததால்தானே? பிரதமர் மீன்வளத் திட்டத்தில் கடற்பாசிக்கு 640 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடிக்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்கா. அதில் விதை வங்கிக்கும் நாட்டுப் பாசிகளின் ஆய்வுக்கும் போகும் பங்கைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

எது எப்போது கருவுறுகிறது, எந்தக் கல்லில் எந்த மாதம் துளிர்க்கிறது என்று மூழ்கும் பெண்களுக்குத் தெரியும். நுனியைக் கிள்ளி எடுத்தால் திரும்ப வளரும், அடியோடு பறித்தால் வளராது என்று எனக்குச் சொன்னது ஒரு அறுபது வயது அக்கா. முறைவைத்துச் சில நாள் மட்டும் கடலில் இறங்குவது, சில வாரம் எடுக்காமல் விடுவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். பழக்குதலின் முதல் பாடம் அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

வெளியூர்ப் பாசி பவளப்பாறையை அழிக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளங்களின் மேல் கப்பாபைகஸ் படர்ந்து மூடியிருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். உடைந்த ஒரு துண்டு போதும், அலையில் போய் எங்காவது பிடித்துக்கொள்ளும். வெட்டினால் பெருகும் குணம் பண்ணையில் வரம், பவளத்தின் மேல் சாபம். உண்ணிச்செடி அழகுக்கு வந்து சேர்வராயன் சரிவெல்லாம் பிடித்துக்கொண்டதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அரசு 2005-லேயே மன்னார் வளைகுடாப் பூங்காப் பகுதியைத் தவிர்த்து, பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் வளர்க்கலாம் என்று ஆணை போட்டது. ஆணை இருந்தும் துண்டு மிதக்கத்தான் செய்கிறது.

மேட்டூர் அணையில் வளர்க்கலாமா? தொட்டியில் உப்புக் கரைத்து?

வளராது. சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது, ஓயாமல் ஓடும் தண்ணீரும் வேண்டும். தொட்டியில் ஏதாவது வளர்த்தே தீர வேண்டும் என்றால் சுருள்பாசி இருக்கிறது. அது கடற்பாசி இல்லை, நுண்ணுயிர், நம் வெயிலில் நன்றாக வரும். "பத்துச் சென்டில் கடற்பாசி, மாதம் லட்சம்" என்று யாராவது சேலத்தில் வகுப்பு நடத்தினால் பணத்தைக் கட்டாதீர்கள்.

கடற்பாசித் திரவம் மரவள்ளிக்கும் காபிக்கும் நிஜமாகவே வேலை செய்கிறதா?

ஈரக் கப்பாபைகஸைப் பிழிந்தால் சாறு, மிச்சச் சக்கையில் கராஜீனன். சாற்றில் சாம்பல்சத்து நிறைய இருக்கிறது, வளர்ச்சி ஊக்கிகளும் கொஞ்சம் இருக்கின்றன. வேர்பிடிக்கவும் வறட்சியைக் கொஞ்சம் தாங்கவும் உதவுகிறது. உரத்துக்கு மாற்று இல்லை. அடியுரம் போடாமல் இதை மட்டும் அடித்துவிட்டு என்னிடம் வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. காபிக்குப் பூ மழைக்கு முன்னும் பின்னும் அடிக்கிறார் சித்தப்பா, காய் நிற்கிறது என்கிறார். பக்கத்துப் பாத்தியை அடிக்காமல் விட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால் கோபம் வருகிறது.

ஒரு தடவை நானே ஏமாந்தேன். பெயர் வேண்டாம், ஒரு கம்பெனியிடம் விலை குறைவு என்று இருபது கேன் எடுத்தேன். கறுப்பாகத்தான் இருந்தது, நாற்றம் மட்டும் கடல் நாற்றம் இல்லை. எங்கள் மரவள்ளியில் அடித்தால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொண்டு, இலையில் கறுப்புத் திட்டுத்தான் மிச்சம். சாயமும் வேறு ஏதோ கரைசலும். பத்துக் கேன் விற்றுவிட்டிருந்தேன். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மீதிக் கேன்கள் இன்னும் கடையின் பின்னால் கிடக்கின்றன. 2021 முதல் இவையெல்லாம் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 'உயிர் ஊக்கி' என்று வந்துவிட்டன. பதிவு விவரமும் உள்ளடக்கமும் அச்சிடாத கேனைத் தொடாதீர்கள், கடைக்காரன் நானாகவே இருந்தாலும்.

மாட்டுக்குப் பாசி போட்டால் வாயு குறையுமாமே?

அஸ்பராகாப்ஸிஸ் என்ற சிவப்புப் பாசி. தீவனத்தில் மிகச் சிறிய அளவு சேர்த்தாலே மாடு ஏப்பமாக விடும் மீத்தேன் சில சோதனைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருக்கிறது. அதிலுள்ள புரோமோஃபார்ம்தான் காரணம். அளவு மிஞ்சினால் மாட்டுக்கும் பாலுக்கும் என்ன ஆகும் என்ற கேள்வியும் அதையே பற்றித்தான். நம் பட்டிக்கு இன்னும் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதற்கும் இரண்டு முகம். பஞ்சு உருண்டை போன்ற ஒரு பருவத்தை முன்பு தனிப் பேரினம் என்றே வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் வேறு நாடுகளிலும் இப்போது அதைத்தான் பழக்க முயல்கிறார்கள், சிப்பி ஓட்டில் ஆரம்பித்த கதை திரும்ப முதலிலிருந்து.

எவ்வளவு சம்பாதிக்கலாம்?

காய்ந்த பாசியின் விலையை இங்கே எழுதினால் நீங்கள் படிப்பதற்குள் மாறிவிடும். வாங்குபவர் சிலர், விற்பவர் பலர். ஜவ்வரிசி ஆலைக்கு மூட்டை ஏற்றியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நேரில் பார்க்க எப்போது போகலாம்?

சேலத்திலிருந்து மண்டபம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர், ராத்திரி கிளம்பினால் விடியலில் இறங்கலாம். பிப்ரவரி, மார்ச் நல்லது. கடல் அடங்கியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஆய்வு நிலையங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கரைக்குக் காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள், பத்து மணிக்குள் வேலை முடிந்துவிடும். கை கட்டி நின்று கேள்வி கேட்டால் பதில் வராது, அவர்களுக்கு வேலை ஓட வேண்டும். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். முதல் துண்டை நான் தலைகீழாகக் கட்டினேன். "மேலும் கீழும் அதுக்குக் கிடையாது தம்பி, இறுக்கிக் கட்டு" என்று சிரித்தார் அந்த அக்கா. அதற்கப்புறம்தான் பேச ஆரம்பித்தார்.